காற்றாலை மின் முன்கணிப்பு ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் மதிப்புரைஞர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, மதிப்புரைஞர்களே,

வணக்கம்.

காற்றாலைகளின் மின்னுற்பத்தியை முன்கூட்டிக் கணிக்கும் துறையில் ஆய்வு செய்பவர்களில் ஒருவன் என்ற முறையில் உங்கள் முன் ஒரே ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். புதிய முன்கணிப்பு முறை ஒன்றை முன்வைக்கும் கட்டுரை, கணிப்பு வெளியிடப்படும் அந்த நேரத்தில் கணிப்பவரின் கையில் உண்மையாகவே என்னென்ன தரவுகள் இருந்திருக்கும் என்பதைத் தெளிவாகச் சொல்லி, அந்தத் தரவுகளை மட்டும் கொண்டு முடிவுகளைக் காட்டாதவரை, அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இந்த நிபந்தனையைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் உங்களிடம் வந்து சேரும் கட்டுரைகளில் கணிசமானவை திருத்தத்துக்காகத் திரும்பிப் போகும். அப்படித் திரும்பிப் போவது துறைக்கு நன்மையே செய்யும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் கணிப்புகள் ஆய்விதழோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான். மின்கட்டமைப்பில் உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு நொடியும் ஈடாக இருந்தாக வேண்டும். அணைந்து குளிர்ந்து கிடக்கும் அனல்மின் அலகு ஒன்று முழுத்திறனை எட்டப் பல மணி நேரம் ஆகும் என்பதால், நாளை மாலை அதன் உதவி தேவைப்படுமா என்பதை இன்றே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானத்தை எடுக்கும் பொறியாளர் நாளைய காற்று எவ்வளவு மின்சாரம் தரும் என்ற கணிப்பை நம்பித்தான் எடுக்கிறார். கணிப்பு மிகையாக இருந்தால் பற்றாக்குறை ஏற்பட்டு அதிர்வெண் சரிகிறது. குறைவாக இருந்தால் தேவையில்லாத எரிபொருள் எரிகிறது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலைகளை நிறுத்தச் சொல்ல நேர்கிறது.

காற்றின் இயல்பு இந்தச் சிக்கலை இன்னும் கடினமாக்குகிறது. வீசும் காற்றில் உள்ள திறன் அதன் வேகத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், நொடிக்கு 8 மீட்டர் என்று கணித்த வேகம் 9 மீட்டராக அமைந்துவிட்டால் திறன் ஏறத்தாழ 42 விழுக்காடு கூடிவிடுகிறது; 7 மீட்டராக அமைந்தால் 33 விழுக்காடு குறைந்துவிடுகிறது. வேகத்தில் இரு பக்கமும் ஒரே அளவாக இருந்த பிழை, திறனில் சமனற்றதாக மாறுகிறது. இன்னொரு முனையில், நொடிக்கு 25 மீட்டர் அளவில் பல காற்றாலைகள் தம்மைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகின்றன. அந்த எல்லைக்கு அருகே வேகத்தில் நேரும் சிறு தவறு, முழு உற்பத்திக்கும் சுழிக்கும் இடையிலான வேறுபாடாகிவிடும். இவ்வளவு கூருணர்வு கொண்ட ஒரு பொருளைக் கணிக்கும்போது, தாளில் காணப்படும் துல்லியம் உண்மையானதா, சோதனை அமைப்பின் கோளாறால் வந்ததா என்று பிரித்தறிவது ஆய்வாளரின் முதல் கடமை. அது தவறும் இடத்தில் கண்டுபிடிக்கும் பொறுப்பு உங்களுடையது.

அந்தக் கோளாறு எங்கே நுழைகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1998-ஆம் ஆண்டு நார்டன் ஹுவாங்கும் அவருடைய குழுவினரும், ஒழுங்கற்று ஏறி இறங்கும் ஒரு காலத்தொடரை, அதாவது நேர வரிசையில் பதிவான அளவீடுகளை, வேகமாக அசையும் கூறு, மெதுவாக அசையும் கூறு என்று படிப்படியாகப் பிரித்தெடுக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். அது சிறந்த பகுப்பாய்வுக் கருவி என்பதில் ஐயமில்லை. காற்றுவேகத் தொடரை இப்படிப் பிரித்து, ஒவ்வொரு கூறையும், தரவிலிருந்து தானே கற்கும் கணினி மாதிரியான ஒரு நரம்பு வலையமைப்பிடம் கொடுத்துத் தனித்தனியே கணித்து, பின்பு அவற்றைக் கூட்டி இறுதிக் கணிப்பைப் பெறும் கட்டுரைகள் நம் துறையில் பெருகிக் கிடக்கின்றன. அவற்றில் பல, பிழை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டதாக அறிவிக்கின்றன.

அந்தப் பிரித்தல் எப்படி நடக்கிறது என்று அருகில் சென்று பாருங்கள். தொடரில் உள்ள உச்சங்களையெல்லாம் ஒரு மென்வளைவால் இணைத்து மேல் உறை வரையப்படுகிறது. தாழ்வுகளையெல்லாம் இன்னொரு வளைவால் இணைத்துக் கீழ் உறை வரையப்படுகிறது. இரண்டின் சராசரியை மூலத் தொடரிலிருந்து கழித்து, இதையே மீண்டும் மீண்டும் செய்கிறார்கள். பிற்பகல் 2 மணிக்கு அந்த வளைவு எந்த உயரத்தில் இருக்கும் என்பதை அதற்கு முந்தைய உச்சம் மட்டும் தீர்மானிப்பதில்லை. 3 மணிக்கோ 4 மணிக்கோ வரப்போகும் அடுத்த உச்சமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஆண்டு முழுவதற்குமான தொடரை முதலில் ஒட்டுமொத்தமாகப் பிரித்துவிட்டு, அதன் பிறகு பயிற்சிக்கு ஒரு பகுதி, சோதனைக்கு ஒரு பகுதி என்று வெட்டினால், 2 மணிக்குக் கணிப்பவரின் உள்ளீட்டிலேயே 3 மணியின் காற்று கலந்திருக்கும். வலையமைப்பு கற்றுக்கொள்வது காற்றின் போக்கை அன்று, வளைவுக்குள் ஒளிந்திருக்கும் வருங்காலத்தை வெளியே எடுக்கும் வழியை.

இதே முறையைக் கட்டுப்பாட்டு அறையில் வைத்தால் என்ன ஆகும்? அங்கே தொடர் இந்த நொடியோடு முடிந்துவிடுகிறது. அடுத்த உச்சம் இன்னும் வரவில்லை, எனவே வளைவின் முனை பிடிப்பில்லாமல் ஆடுகிறது. கணிப்புக்கு மிகவும் தேவைப்படும் அந்தக் கடைசிச் சில புள்ளிகளில்தான் கூறுகள் நம்பத்தகாதவையாகின்றன. ஒவ்வொரு கணிப்பு நேரத்திலும் தொடரை அங்கேயே வெட்டி, அதுவரை உள்ள தரவை மட்டும் புதிதாகப் பிரித்துச் சோதித்தால், அறிவிக்கப்பட்ட முன்னேற்றத்தின் பெரும்பகுதி கரைந்துபோவதைக் காணலாம். சில வேளைகளில் பிரிக்காமல் கணிப்பதே மேலாக இருக்கும். இப்படிச் சோதிப்பதால் கணினிக்கு வேலை கூடும், அவ்வளவுதான். அலைக்கூறுப் பகுப்பாய்வுக்கும், வேறு பெயர்களில் வரும் பிரித்தல் முறைகளுக்கும், ஒரு புள்ளியைக் கணக்கிட இரு பக்கத்துப் புள்ளிகளையும் எடுத்துக்கொள்ளும் எந்த வடிப்பானுக்கும் இது பொருந்தும். ஆகவே, கட்டுரையின் செயல்முறைப் படத்தில் பிரித்தல் என்ற பெட்டி, பயிற்சி, சோதனை என்று தரவைப் பிரிக்கும் பெட்டிக்கு முன்னால் இருந்தால், மேற்கொண்டு படிக்கும் முன்பே கட்டுரையாசிரியர்களிடம் விளக்கம் கேளுங்கள் என்று மதிப்புரைஞர்களை வேண்டுகிறேன்.

வருங்காலம் நுழையும் வழி இது ஒன்று மட்டுமன்று. பத்து நிமிடச் சராசரிகளாகப் பதிவான தரவைக் குலுக்கிப் போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. அப்படிச் செய்தால் 10.00 மணிப் பதிவும் 10.20 மணிப் பதிவும் பயிற்சியில் இருக்க, இடையிலுள்ள 10.10 மணிப் பதிவைக் 'கணிப்பதாக' ஆகிறது. காலத்தொடரைக் காலவரிசையில்தான் வெட்ட வேண்டும் என்பதை இந்தத் துறையில் மீண்டும் சொல்ல நேர்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

இதைவிட நுட்பமானது, கடந்தகால வானிலையை அளவீடுகளைக் கொண்டு பின்னாளில் மறுகட்டமைத்த மறுபகுப்பாய்வுத் தரவின் பயன்பாடு. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் வழங்கும் இ.ஆர்.ஏ.5 தொகுப்பு 1940 முதல், மணிக்கு மணி, சுமார் 31 கிலோமீட்டர் இடைவெளியில் உலகம் முழுவதற்கும் காற்றுவேகத்தைத் தருகிறது. ஓர் இடத்தின் காற்றுவளத்தை மதிப்பிடவும், நீண்டகால மாறுபாட்டை அறியவும் அதற்கு இணையான கொடை அரிது. ஆனால் அது முன்கணிப்பு அன்று. 12 மணி நேரச் சாளரத்துக்குள் கிடைத்த அளவீடுகளையெல்லாம், குறிப்பிட்ட நேரத்துக்குப் பிந்தியவற்றையும் சேர்த்து, உள்வாங்கிக்கொண்டு கட்டப்பட்ட நிலை அது. அதை நாளைய காற்றுக்கான உள்ளீடாகக் கொடுத்துவிட்டு 'ஒரு நாள் முன்கூட்டிய கணிப்பு' என்று தலைப்பிட்டால், வானிலை முன்கணிப்பின் பிழை முழுவதும் கணக்கிலிருந்து மறைந்துபோகிறது. ஒரு நாள் முன்கூட்டிய கணிப்பில் பிழையின் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது என்பது இத்துறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அந்தந்த நேரத்தில் வெளியிடப்பட்ட வானிலை முன்கணிப்புகளின் ஆவணக் காப்பகத்தையே பயன்படுத்த வேண்டும். கிடைக்காவிட்டால் கட்டுரை, தன்னை மின்னுற்பத்தி வளைவின், அதாவது காற்றுவேகத்துக்கு ஏற்ற உற்பத்தியைக் காட்டும் வளைவின், மாதிரியாக்கம் என்று அழைத்துக்கொள்ளட்டும். அதுவும் மதிப்புள்ள ஆய்வே.

அடுத்து, எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி. காற்றுத் திறனைக் காலத்தொடர் முறையில் கணிக்கும் முயற்சியாக 1984-இல் பிரவுன், காட்ஸ், மர்ஃபி ஆகியோர் வெளியிட்ட கட்டுரையிலிருந்தே, 'இப்போது உள்ள நிலைமையே தொடரும்' என்ற எளிய கணிப்பு ஒப்பீட்டுக்கு உரிய அடித்தளமாக இருந்துவருகிறது. அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு அதை வெல்வது எளிதன்று. நேரம் செல்லச் செல்ல அது வலுவிழக்கிறது என்பதால், 1998-இல் நீல்சனும் மேட்சனும் லண்ட்பெர்க்கும் பிறரும் தற்போதைய மதிப்பையும் நீண்டகாலச் சராசரியையும் தொடர்புக் கெழுவின் எடையோடு கலந்து, இன்னும் நேர்மையான ஓர் அடித்தளத்தை முன்மொழிந்தார்கள். ஒரே வரியில் எழுதக்கூடிய வாய்ப்பாடு அது. இன்றும் பல கட்டுரைகள் அதைத் தொடுவதில்லை. தாங்களே அமைத்த, சரியாகப் பயிற்றுவிக்கப்படாத ஐந்தாறு வலையமைப்புகளை வரிசையாக நிறுத்தி, அவற்றை வென்றதாகப் பட்டியலிடுகின்றன. மேட்சன், பின்சன், கரினியோடாகிஸ் ஆகியோர் தம் சக ஆய்வாளர்களோடு 2005-இலேயே மதிப்பீட்டுக்கான பொது நெறிமுறையை எழுதிவிட்டார்கள். சர்வதேச ஆற்றல் முகமையின் காற்றாற்றல் கூட்டுத் திட்டத்தின் கீழ் 2016-இல் தொடங்கிய 36-ஆம் பணிக்குழு, முன்கணிப்புச் சேவைகளைத் தேர்ந்தெடுக்கவும் மதிப்பிடவும் பரிந்துரைகளைத் தொகுத்தது. 2022-இல் தொடங்கிய 51-ஆம் பணிக்குழு அதைத் தொடர்ந்தது. நான் கேட்கும் ஒழுங்கு புதியதன்று. ஏற்கெனவே எழுதப்பட்டதை ஆய்விதழ்களின் சமர்ப்பிப்பு விதிகளில் சேர்க்கும்படிதான் கேட்கிறேன்.

பிழையை அளக்கும் அளவுகோல்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. சதவீதப் பிழையின் சராசரியை இந்தத் துறையில் அனுமதிக்கவே கூடாது என்பது என் கருத்து. 100 மெகாவாட் காற்றாலைப் பண்ணை ஒன்றில் உண்மை உற்பத்தி 1 மெகாவாட்டாக இருந்து கணிப்பு 3 மெகாவாட்டாக இருந்தால் பிழை 200 சதவீதம்; கட்டுப்பாட்டு அறைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உண்மை 60 ஆக இருந்து கணிப்பு 80 ஆக இருந்தால் பிழை 33 சதவீதம்தான், ஆனால் 20 மெகாவாட்டை வேறெங்கிருந்தோ அவசரமாகக் கொண்டுவர வேண்டும். காற்று அடிக்கடி அடங்கும் இடத்தில் இந்த அளவுகோல், முறையின் தரத்தைச் சொல்வதற்குப் பதிலாக அமைதியான மணிகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. பண்ணையின் நிறுவுதிறனால், அதாவது அதன் உச்ச உற்பத்தித் திறனால், வகுத்த பிழை இதைவிட எவ்வளவோ மேல்.

வர்க்கப் பிழையும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. பிற்பகல் 2 மணிக்கும் 3 மணிக்கும் 20 மெகாவாட்டாக இருந்த உற்பத்தி 4 மணிக்கு 80 ஆக ஏறி, 5 மணிக்கும் 80 ஆகவே இருக்கிறது என்று கொள்வோம். முதல் கணிப்பு அந்த ஏற்றத்தைச் சரியாகச் சொன்னது, ஆனால் ஒரு மணி நேரம் முந்தி, 3 மணிக்கே என்று சொன்னது. இரண்டாம் கணிப்பு நான்கு மணிகளுக்கும் 50 என்று மட்டும் சொன்னது. முதலாவதற்கு ஒரே இடத்தில் 60 மெகாவாட் பிழை, வர்க்கம் 3600. இரண்டாவதற்கு நான்கு இடங்களிலும் 30 மெகாவாட் பிழை, வர்க்கங்களின் கூட்டல் அதே 3600. அளவுகோலுக்கு இரண்டும் சமம். ஆனால் முதல் கணிப்பைப் பார்த்த பொறியாளர் பெரிய ஏற்றம் ஒன்று வரப்போகிறது என்று அறிந்து ஆயத்தமாக இருந்திருப்பார். இரண்டாவதைப் பார்த்தவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. வர்க்கப் பிழையைக் குறைப்பதையே குறிக்கோளாகக் கொண்டு பயிற்றுவிக்கப்படும் மாதிரிகள் மழுங்கிய, தட்டையான கணிப்புகளை நோக்கி நகர்வதற்கு இதுவே காரணம். திடீர் ஏற்ற இறக்கங்களை மட்டும் தனியே எடுத்து, எத்தனையைப் பிடித்தது, எத்தனையைத் தவறவிட்டது, எத்தனையைத் தேவையில்லாமல் அறிவித்தது, நேரத்தில் எவ்வளவு விலகியது என்று காட்டும் ஓர் அட்டவணையை நீங்கள் கேட்டுப் பெற வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒற்றை எண்ணைத் தரும் கணிப்பு, தன் நிச்சயமின்மையை மறைத்த கணிப்பு. மின்சாரச் சந்தையில் பற்றாக்குறைக்கான தண்டம் மிகைக்கான தண்டத்தைப் போல் மூன்று மடங்கு என்றால், உற்பத்தியாளர் அறிவிக்க வேண்டிய அளவு சராசரி அன்று. உண்மை உற்பத்தி அதைத் தாண்டுவதற்கு 75 விழுக்காடு வாய்ப்புள்ள அளவு. தண்ட விகிதம் மாறினால் அந்த அளவும் மாறும். இதை 2007-இல் பின்சனும் அவருடன் எழுதியவர்களும் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். நிகழ்தகவுப் பரவல் முழுவதையும் கொடுத்தால்தான் பயனாளர் தமக்கு வேண்டிய எண்ணைத் தாமே எடுத்துக்கொள்ள முடியும். 2014-இல் நடந்த உலகளாவிய ஆற்றல் முன்கணிப்புப் போட்டி, ஆஸ்திரேலியாவின் 10 காற்றாலைப் பண்ணைகளுக்கு ஒவ்வொரு மணிக்கும் 1 விழுக்காடு முதல் 99 விழுக்காடு வரையான 99 நிகழ்தகவு எல்லைகளைக் கேட்டது. தரவைக் கட்டம் கட்டமாக வெளியிட்டதால், அடுத்த கட்டத்தின் உண்மை மதிப்பு போட்டியாளர் எவர் கையிலும் இருக்கவில்லை. வருங்காலம் உள்ளே நுழையாதபடி சோதனையை அமைப்பது நடைமுறையில் இயலும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் காட்ட இயலாது.

தரவைச் சுத்தப்படுத்துவது குறித்து ஒரு சொல். மின்கட்டமைப்பின் நெருக்கடியால் உற்பத்தியைக் குறைக்கச் சொன்ன மணிகளில், காற்று பலமாக வீசியும் ஸ்காடா என்ற கண்காணிப்பு அமைப்பின் பதிவில் உற்பத்தி தாழ்ந்திருக்கும். அந்த மணிகளைப் பயிற்சியிலிருந்து நீக்குவது நியாயம்தான், நிறுத்தச் சொன்னதற்கான குறிப்பு இருந்தால். ஆனால் மின்னுற்பத்தி வளைவிலிருந்து விலகிய புள்ளிகளையெல்லாம் பிழைப்பதிவுகள் என்று கருதி, சோதனைத் தரவிலிருந்தும் நீக்கிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. இறகில் பனி படிந்த மணிகளும், சூறாவளியில் காற்றாலை நின்ற மணிகளும், கணிக்கக் கடினமான எல்லாமும் அதோடு போய்விடுகின்றன. எஞ்சுவது கணிக்க எளிதான ஆண்டு ஒன்று. எத்தனை பதிவுகள், எந்தக் காரணத்தால், எந்தக் கட்டத்தில் நீக்கப்பட்டன என்று எழுதாத கட்டுரையின் துல்லியத்தை எவராலும் சரிபார்க்க இயலாது.

தரவை வெளியிட நிறுவனங்கள் இசைவதில்லை என்று கட்டுரையாசிரியர்கள் சொல்வார்கள். பல வேளைகளில் அது உண்மைதான், அதற்காக அவர்களைத் தண்டிப்பது முறையாகாது. ஆனால் இன்று பொதுவெளியில் தரவு இல்லாமல் இல்லை. பிரான்சின் லா ஓட் போர்ன், பிரிட்டனின் கெல்மார்ஷ் ஆகிய பண்ணைகளின் ஸ்காடா பதிவுகள் கிடைக்கின்றன. 134 காற்றாலைகளைக் கொண்ட ஒரு பண்ணையின் தரவு 2022-இல் கேடிடி கோப்பை என்ற தரவுப் பகுப்பாய்வுப் போட்டிக்காக வெளியிடப்பட்டது. தங்கள் தனிப்பட்ட தரவில் முடிவைக் காட்டும் ஆசிரியர்கள் இத்தகைய பொதுத் தொகுப்பு ஒன்றிலும் அதே முறையை ஓட்டி, நிரலோடு சமர்ப்பிக்கட்டும். அதைச் செய்ய ஒரு நல்ல மாணவருக்குச் சில நாள்கள் போதும்.

மாணவர்களைப் பற்றி நினைக்கும்போதுதான் இந்த மடலை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பட்டம் பெற இத்தனை கட்டுரைகள் வேண்டும் என்ற நெருக்கடியில், ஏற்கெனவே உள்ள இரண்டு முறைகளை இணைத்து மூன்றாவதாக ஒரு பெயர் சூட்டி அனுப்புவதே பாதுகாப்பான வழி என்று அவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. சோதனையை ஒழுங்காக அமைத்து, தன் முறை எளிய அடித்தளத்தை இரண்டு விழுக்காடுதான் விஞ்சியது என்று நேர்மையாக எழுதும் மாணவரின் கட்டுரை, கசிந்த தரவால் ஐம்பது விழுக்காடு முன்னேற்றம் காட்டும் கட்டுரையின் அருகில் வலுவற்றதாகத் தெரிகிறது. 'புதுமை போதவில்லை' என்ற ஒற்றை வரியோடு அது திருப்பி அனுப்பப்படுகிறது. இது அநீதி. இதை மாற்றும் அதிகாரம் மாணவரிடமோ வழிகாட்டியிடமோ இல்லை, உங்களிடம் இருக்கிறது. இரண்டு விழுக்காடு உண்மையாக இருந்தால் அது மின்கட்டமைப்புக்குப் பெரிய கொடை. எந்த முன்னேற்றமும் இல்லை என்ற முடிவும், முறையாக நிறுவப்பட்டிருந்தால், அடுத்து வருபவரின் ஓராண்டு உழைப்பைக் காப்பாற்றும்.

இந்தக் கண்டிப்பு கணினி வசதி குறைந்த ஆய்வுக்குழுக்களைப் பாதிக்கும் என்று சிலர் கருதலாம். நான் அவ்வாறு கருதவில்லை. எளிய அடித்தளத்தோடு ஒப்பிடவும், காலவரிசையில் வெட்டவும், நீக்கிய பதிவுகளை எண்ணிச் சொல்லவும் விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சிறு குழுவின் கவனமான வேலையும் பெருங்குழுவின் பிரம்மாண்டமான மாதிரியும் ஒரே தராசில் நிற்பதற்கு இந்த ஒழுங்குதான் வழிசெய்யும்.

ஆகவே, உங்கள் சமர்ப்பிப்புப் படிவத்தில் ஒரு கட்டாயப் பகுதியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கணிப்பு வெளியிடப்படும் நேரம் எது, ஒவ்வொரு உள்ளீடும் அந்த நேரத்தில் உண்மையில் கிடைத்திருக்குமா, தரவைப் பிரித்ததும் அளவு மாற்றியதும் எந்த வரிசையில் நடந்தன, நீக்கியவை எவை, நிலைமை தொடரும் என்ற கணிப்பை எத்தனை மணி நேரம் முன்கூட்டிக் கணிக்கிறதோ அந்த ஒவ்வொரு முன்னோக்கு நேரத்திலும் எவ்வளவு விஞ்சியது என்பவற்றைக் கட்டுரையாசிரியர்கள் அங்கே எழுதட்டும். மதிப்புரைஞர் முதலில் அந்தப் பக்கத்தைப் படிக்கட்டும். ஏற்கெனவே வெளியான கட்டுரைகளில் பிரித்தல் முறைகளைக் கையாண்டவற்றை மறுசோதனை செய்யும் ஆய்வுகளுக்கென ஒரு சிறப்பிதழ் அறிவிப்பீர்களானால், அதற்கு மதிப்புரை எழுதவும், வேறு குழுக்களின் நிரல்களை ஓட்டிச் சரிபார்க்கவும் என் நேரத்தைத் தர ஆயத்தமாக இருக்கிறேன். என்னைப் போன்று இசையக்கூடியவர்கள் இத்துறையில் பலர் உண்டு என்பதையும் அறிவேன்.

இப்படிக்கு,
காற்றாற்றல் முன்கணிப்பு ஆய்வாளன் ஒருவன்